போர்ட் எங்கே பாஸ்?

நாளைக்குக் காலையில் புராஜெக்ட் ரிவ்யூ. ராத்திரி மணி பதினொன்று. ஹாஸ்டல் ரூமில் நாலு பேர் ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறீர்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துகிற சர்க்யூட் ரெடி. புரோகிராம் ரெடி. கம்பைல்கூட ஆகிவிட்டது. அப்லோடு பட்டனை அழுத்தினால் மட்டும் சிவப்பு எழுத்தில் என்னென்னவோ வரி வரியாக ஓடுகிறது. ஒருத்தன், ‘போர்டு செத்துப்போச்சுடா’ என்கிறான். இன்னொருத்தன், ‘லினக்ஸ்னாலே இப்படித்தான் மச்சி, பேசாம விண்டோஸ் போட்டுடலாம்’ என்கிறான். மூணாவது ஆள் எதுவும் பேசாமல் யூஎஸ்பி ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுகிறான். நாலாவது ஆள் தூங்கியே போய்ட்டான்!

ஒரு கலை அறிவியல் கல்லூரியின் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்க்கிறேன். மறுநாள் காலை ஒன்பதரைக்கு இந்த நாலு பேரும் என் முன்னால்தான் வந்து நிற்பார்கள். வருஷா வருஷம் முகங்கள் மாறும், டயலாக் மாறாது. நான் கேட்கிற முதல் கேள்வியும் மாறாது. ‘‘அந்தச் சிவப்பு எழுத்துல என்னப்பா எழுதியிருந்துச்சு?’’

‘‘எர்ரர் வந்துச்சு சார்.’’

எர்ரர் வந்தது சரி ராசா, அது என்ன சொல்லுச்சு? இதற்கு மட்டும் பதில் வராது. படிப்பதற்கு முன்பே மூடியிருப்பார்கள். லினக்ஸோட கேரக்டரே வேற. ‘சம்திங் வென்ட் ராங்’ என்று மழுப்பிவிட்டுப் போகிற ஆள் இல்லை அது. யார், எங்கே, எதற்காகத் தடுத்தார்கள் என்று கிராமத்துப் பெரியவர் மாதிரி விலாவாரியாகச் சொல்லும். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

கூட்டமான டவுன் பஸ்ஸில் பின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு டிக்கெட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்களா? காசு ஏழெட்டுக் கை மாறிக் கண்டக்டருக்குப் போகும். டிக்கெட்டும் அதே வழியில் திரும்பி வரும். வரவில்லை என்றால் கண்டக்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. எந்தக் கையில் நின்றுபோச்சு என்று பார்க்க வேண்டும். உங்கள் புரோகிராமும் இப்படித்தான் பயணம் செய்கிறது. ஏவிஆர்டியூட் என்கிற சாஃப்ட்வேர் அதை எடுத்து, போர்ட் என்கிற வாசலில் கொடுக்கும். கெர்னலில் இருக்கிற டிரைவர் வாங்கி ஒயரில் அனுப்பும். போர்டில் உள்ள ஒரு குட்டி சிப் யூஎஸ்பி பாஷையை சீரியல் பாஷையாக மாற்றும். மைக்ரோகண்ட்ரோலருக்குள் உட்கார்ந்திருக்கும் பூட்லோடர் அதை வாங்கி ஃப்ளாஷ் மெமரியில் எழுதும். இத்தனை கையில் எது நின்றாலும் நம் ஆட்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: ‘போர்டு செத்துப்போச்சு.’

முதல் கையிலிருந்து ஆரம்பிப்போம். டெர்மினலைத் திறந்து சூடோ, அடுத்து டி-எம்-இ-எஸ்-ஜி, அடுத்து மைனஸ் டபிள்யூ என்று டைப் அடித்து வையுங்கள். கெர்னலின் டைரி கண்ணெதிரே ஓடும். இப்போது ஒயரைச் சொருகுங்கள். ஒரு வரிகூடப் புதிதாக வரவில்லையா? லினக்ஸும் குற்றவாளி இல்லை, உங்கள் புரோகிராமும் இல்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒயரை. யூஎஸ்பி ஒயருக்குள் சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை என்று நாலு கம்பி இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் கரன்ட்டுக்கு, பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு. பவர்பேங்க்கோடு இலவசமாக வருகிற சில ஒயர்களில் பின்னது இரண்டும் கிடையவே கிடையாது. போர்டில் லைட் எரியும், பார்க்க உயிரோடு இருப்பதுபோலவே இருக்கும், பேச்சு மட்டும் வராது. லேபில் இப்படிப்பட்ட ஒயர்களுக்கென்றே ஒரு டப்பா வைத்திருக்கிறேன். டப்பா நிரம்பி வழிகிறது.

டைரியில் வரி வந்துவிட்டால் அதன் வாலைப் பாருங்கள். ஒரிஜினல் ஊனோ போர்டு என்றால் டிடிஒய்-ஏசிஎம்-0 என்ற பெயரில் வாசல் திறக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாம் அள்ளிக்கொண்டு வருகிற நானோ குளோன்களில் பெரும்பாலும் சிஎச்340 என்கிற சிப் இருக்கும். அதற்கு டிடிஒய்-யூஎஸ்பி-0. இதற்காக டிரைவர் தேடி அலைய வேண்டாம், லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஐடிஇ மெனுவில் அதே போர்ட்டைத்தான் டிக் பண்ணியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சீரியல் மானிட்டர் திறந்திருக்கும்போதே ஒயரைப் பிடுங்கிச் சொருகினால் 0 போய் 1 என்று புதுப் பெயரில் வந்து உட்காரும். நீங்களோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்த கையில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். ‘பர்மிஷன் டினைடு’. உங்கள் சொந்த லேப்டாப், உங்கள் சொந்த போர்டு, அனுமதி இல்லையாம்! கோபம் வரத்தான் செய்யும். ஆனால் காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். அந்த வாசலைத் தொட டயல்அவுட் என்கிற குரூப்பில் நீங்கள் இருக்க வேண்டும். சீரியல் போர்ட்டில் மோடம் மாட்டி, டெலிபோன் லைனில் டயல் செய்த காலத்துப் பெயர் அது. யார் வேண்டுமானாலும் டயல் செய்யலாம் என்று விட்டால் பில் என்ன ஆவது? நம் வீடுகளில் அப்பாக்கள் போனுக்கு எஸ்டிடி லாக் போட்டு வைத்திருந்தார்களே, அதே கதைதான். மோடம் போயாச்சு, பூட்டு மட்டும் இருக்கிறது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாவற்றிலும் இதே டயல்அவுட்தான். ஆர்ச் லினக்ஸில் மட்டும் அந்தக் குரூப்புக்குப் பெயர் யூயூசிபி.

இந்தப் பூட்டைத் திறக்க நம் பசங்க இரண்டு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஐடிஇயையே சூடோ போட்டுத் திறப்பது. அன்றைக்கு வேலை நடக்கும். அது உருவாக்கிய ஃபைல்களுக்கெல்லாம் ரூட் ஓனர் ஆகிவிடும். மறுநாள் சாதாரணமாகத் திறந்தால் உங்கள் புரோகிராமை உங்களாலேயே சேவ் பண்ண முடியாது. இரண்டாவது, அந்த வாசலுக்கு 777 போடுவது. ஒயரைப் பிடுங்கிச் சொருகியதும் வாசல் புதிதாகப் பிறக்கும், நீங்கள் போட்ட 777 போயே போச்சு. வகுப்புக்கு வகுப்பு 777 போட்டுக்கொண்டே படிப்பை முடித்தவர்களை எனக்குத் தெரியும்!

நேர்வழி ஒரே வரிதான். சூடோ யூசர்மாட், மைனஸ் ஏ பெரிய ஜி, டயல்அவுட், உங்கள் யூசர் பெயர். இதில் அந்தச் சின்ன ‘ஏ’ இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள். ‘ஏ’ என்றால் இருப்பதோடு சேர்ப்பது. அது இல்லாவிட்டால், நீங்கள் இருக்கிற மற்ற எல்லா குரூப்பிலிருந்தும் உங்களைத் தூக்கிவிட்டு டயல்அவுட்டில் மட்டும் உட்காரவைக்கும். தூக்கப்படுகிற குரூப்களில் சூடோவும் ஒன்று. அப்புறம் சொந்த மெஷினிலேயே அட்மின் அதிகாரம் இல்லாத விருந்தாளி ஆகிவிடுவீர்கள். ரெக்கவரி மோடில் போய்த்தான் மீட்க வேண்டும். ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி செய்கிற வேலையா அது? கமாண்ட் அடித்த பிறகு லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். டெர்மினலை மூடித் திறந்தால் போதாது. ஐ-டி என்று இரண்டே எழுத்து அடித்தால் எந்தெந்த குரூப்பில் இருக்கிறீர்கள் என்று காட்டும். அதில் டயல்அவுட் தெரிந்தால் அந்தக் கதவு திறந்துவிட்டது.

‘டிவைஸ் பிஸி’ என்று வந்தால் வேறு யாரோ போர்ட்டைப் பிடித்திருக்கிறார்கள். பெரும்பாலும் நீங்களே இன்னொரு விண்டோவில் திறந்து வைத்த சீரியல் மானிட்டராக இருக்கும். எஃப்யூசர் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இனி எல்லாரும் பயப்படுகிற வரி: ‘நாட் இன் சிங்க்’. பத்து முறை முயற்சி செய்தேன், பதில் இல்லை என்று புலம்பும். இதைப் பார்த்ததும் போர்டைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. நிஜத்தில் இது நல்ல செய்தி பாஸ்! வாசல் கிடைத்துவிட்டது, அனுமதி கிடைத்துவிட்டது, மறுமுனையில் யாரும் ‘ஹலோ’ சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்லோடு தொடங்கும்போது ஐடிஇ ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வழியாகத் தட்டி, சிப்பை ரீசெட் செய்யும். கண் விழித்ததும் பூட்லோடர் ஒரு சின்ன நேரம்தான் காது கொடுத்துக் கேட்கும். அதற்குள் சரியான வேகத்தில் பேச வேண்டும். நானோ போர்டுகளில் இங்கேதான் குழப்பம். பழைய பூட்லோடர் 57,600 பாட் வேகத்தில் பேசும். ஆப்டிபூட் என்கிற புதியது 115,200. மதுரைத் தமிழில் மெதுவாகப் பேசுகிறவரிடம் ரேடியோ ஜாக்கி வேகத்தில் பேசினால் என்ன ஆகும்? அதேதான். டூல்ஸ் மெனுவில், ப்ராசஸர் என்கிற இடத்தில் ‘ஓல்டு பூட்லோடர்’ என்று ஒன்று இருக்கும். அதை மாற்றிப் பாருங்கள். எங்கள் லேபில் ‘செத்துப்போன’ நானோக்களில் நிறைய இந்த ஒரே கிளிக்கில் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன.

அப்படியும் வரவில்லையா? 0, 1 என்று எண் போட்ட பின்களில் என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ப்ளூடூத் மாட்யூல் இருந்தால் கழற்றிவிட்டு அப்லோடு செய்யுங்கள். அப்லோடு நடக்கிற அதே கம்பியில் அதுவும் குறுக்கே பேசிக்கொண்டிருக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் கடைசிச் சோதனை: ரீசெட் பின்னை கிரவுண்டோடு இணைத்து மெயின் சிப்பைத் தூங்கவைத்துவிட்டு, 0, 1 பின்களை ஒரு ஒயரால் சேர்த்துவிடுங்கள். சீரியல் மானிட்டரில் எதையாவது டைப் செய்து அனுப்பினால் அதே எழுத்து திரும்பி வர வேண்டும். வந்தால் ஒயர், டிரைவர், குட்டி சிப் மூன்றும் நிரபராதி. இனி விசாரிக்க வேண்டியது மெயின் சிப்பையும் அதன் பூட்லோடரையும் மட்டும்.

பூட்லோடரே இல்லாமல் யூஎஸ்பிஆஸ்ப் வைத்து நேரடியாக எரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு டயல்அவுட் உதவாது. அது சீரியல் போர்ட்டே இல்லை, அதற்கென்று தனியாக ஒரு யூடெவ் ரூல் எழுத வேண்டும். அப்புறம், புது ஏடிமெகா328பி சிப் ஃபேக்டரியிலிருந்து வரும்போது 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். புரோகிராமரின் வேகம் அதில் கால் பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். மைனஸ் பெரிய பி, 10 என்று சேர்த்தால் நிதானமாகப் பேசும். கிரிஸ்டலே இல்லாத சர்க்யூட்டில் ‘வெளியே கிரிஸ்டல் இருக்கிறது’ என்று ஃபியூஸ் பிட்டை மாற்றிவிட்டால் சிப் பிணம் மாதிரி கிடக்கும். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று, 22 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு வைத்துப் பாருங்கள். இதயத்துடிப்பு திரும்பிவிடும்.

இதெல்லாம் மேனுவலைப் புரட்டினாலே கிடைக்கும். எங்கள் லேபில் நடந்த ஒரு கேஸ் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும்.

2023 ஜூலை. பன்னிரண்டு கம்ப்யூட்டர்களிலும் புதிதாக உபுண்டு 22.04 போட்டு முடித்திருந்தோம். அது 2022 ஏப்ரலில் வந்த பதிப்பு. முதல் பிராக்டிகல் அன்றைக்கே கலாட்டா. நானோவைச் சொருகினால் டிடிஒய்-யூஎஸ்பி-0 வருகிறது, ஒரே விநாடியில் காணாமல் போகிறது. பன்னிரண்டு மெஷினிலும் இதே மாயம். ஒயரை மாற்றியாச்சு, போர்டை மாற்றியாச்சு. ஊனோவை மாட்டினால் ஒழுங்காக வேலை செய்கிறது, நானோ மட்டும்தான் பல்லை இளிக்கிறது. ஃபைனல் இயர் பையன் ஒருத்தன், கெட்டிக்காரன், கால் மணி நேரத்தில் தீர்வோடு வந்துவிட்டான். ‘‘பிஆர்எல்டிடிஒய்-னு ஒரு சாஃப்ட்வேர் சார், அதான் போர்ட்டைத் திருடுது. ரிமூவ் பண்ணா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. பன்னெண்டு மெஷின்லயும் ஒரே அடியா தூக்க ஸ்க்ரிப்ட் எழுதிட்டேன். ஓட்டவா?’’

‘‘அது என்ன சாஃப்ட்வேர்னு பாத்தியா?’’

‘‘தேவையில்லாததுதான் சார். நாம யாரும் யூஸ் பண்றதில்ல.’’

இரண்டு பேரும் சேர்ந்து டைரியைப் படித்தோம். தெளிவாக எழுதியிருந்தது. சிஎச்340-க்கான டிரைவர் போர்ட்டைத் திறக்கிறது, உடனே பிஆர்எல்டிடிஒய் குறுக்கே வந்து யூஎஸ்பி இணைப்பைத் தன் கைக்கு மாற்றிக்கொள்கிறது, டிரைவர் விலகுகிறது, போர்ட் மறைகிறது. திருட்டு உறுதி. ஏன் திருடுகிறது? அந்தப் பேக்கேஜின் விவரக் குறிப்பைத் திறந்தோம். பார்வையில்லாதவர்கள் பிரெய்ல் டிஸ்ப்ளே மூலம் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவதற்கான மென்பொருள் என்று இருந்தது.

பையன் ஸ்க்ரிப்ட்டை மூடிவிட்டான். நான் எதுவும் சொல்லவில்லை. பி.சி.ஏ. இரண்டாம் வருடத்தில் பார்வையில்லாத மாணவி ஒருவர் இருப்பதும், சாயங்கால வேளையில் எங்கள் லேபின் மூலை மெஷினில்தான் சி புரோகிராம் போட்டுப் பார்ப்பார் என்பதும் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஒரு அறக்கட்டளை கொடுத்த நாற்பது செல் டிஸ்ப்ளேவைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார். அதைப் பேச வைக்கிற சாஃப்ட்வேர் எது என்று மட்டும் அதுவரை நாங்கள் யோசித்ததே கிடையாது. அடுத்த வாரம் அவருக்கு பிராக்டிகல் வேறு.

திருட்டின் காரணமும் கிடைத்தது. ஒவ்வொரு யூஎஸ்பி கருவிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. சிஎச்340-இன் எண் 1ஏ86, 7523. விலை குறைவு என்பதால் உலகத்தில் எத்தனையோ கருவிகளுக்குள் இதே சிப் இருக்கிறது. இருபது செல் பிரெய்ல் டிஸ்ப்ளே ஒன்றும் இதே எண்ணோடுதான் வருகிறது. அதனால் அந்த எண்ணைப் பார்த்ததும் பிஆர்எல்டிடிஒய் ‘நம்ம ஆளு வந்துட்டார்’ என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்கிறது. பாவம், வந்தது தண்ணீர்த் தொட்டி மோட்டார் புராஜெக்ட்.

எனவே சாஃப்ட்வேரைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. 85 என்று தொடங்கும் பிஆர்எல்டிடிஒய் ரூல்ஸ் ஃபைல் ஒன்று யூஎஸ்ஆர் பக்கம், லிப்புக்குள், யூடெவ் ஃபோல்டரில் இருக்கிறது. அதை இடிசி பக்கமிருக்கும் யூடெவ் ரூல்ஸ் ஃபோல்டருக்கு அதே பெயரில் காப்பி செய்தோம். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் இடிசியில் இருப்பதற்குத்தான் மரியாதை. அப்டேட் வந்தாலும் அழியாது. காப்பியில் அந்த 7523 வரிக்கு முன்னால் மட்டும் ஒரு ஹாஷ் குறி போட்டு ஊமையாக்கினோம். பிரெய்ல் டிஸ்ப்ளேக்களுக்கான மற்ற வரிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ரீஸ்டார்ட் செய்தோம். நானோவைச் சொருகினோம். போர்ட் வந்தது, நின்றது.

அதோடு முடிந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் அந்த மாணவி வந்ததும் விஷயத்தைச் சொல்லி, மாற்றம் செய்த மெஷினில் சோதித்துப் பார்க்கக் கேட்டோம். டிஸ்ப்ளேவை மாட்டினார். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்து மட்டும் தெரிகிற கன்சோலுக்குப் போனார். சின்னச் சின்ன ஊசிப் புள்ளிகள் வரிசையாக மேலே எழுந்தன. விரலை ஓட்டினார். ‘‘வருது சார்’’ என்றார். பையன் பக்கத்தில் நின்று நானோவைச் சொருகினான். டைரியில் புது வரிகள் வந்தன. நாங்கள் ஸ்க்ரீன் பக்கம் குனிவதற்குள் அவர் விரலாலேயே படித்துச் சொல்லிவிட்டார், ‘‘சிஎச்341 கன்வெர்ட்டர், டிடிஒய்-யூஎஸ்பி-0ல அட்டாச் ஆயிடுச்சுண்ணா.’’

‘‘நீ எர்ரரெல்லாம் முழுசா படிப்பியா?’’ என்று கேட்டான் பையன்.

‘‘நாற்பது எழுத்து நாற்பது எழுத்தாத்தான் வரும்ணா. படிச்சுத்தான் ஆகணும். ரிமூவ் பண்ணியிருந்தீங்கன்னா எனக்கு ஸ்க்ரீனே இல்ல.’’

பதினொரு மெஷினில் அந்த ஒரு வரியை மாற்றினோம். மூலை மெஷினில் கை வைக்கவில்லை. அவருடைய டிஸ்ப்ளேவின் எண் வேறுதான், மாற்றியிருந்தாலும் அவருக்குப் பாதிப்பில்லை. ஆனால் நாளைக்கு அந்த இருபது செல் கருவியோடு வேறொருவர் வந்து சேரலாம் இல்லையா? அதனால் மானிட்டருக்குமேல் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கிறோம். பையனோட கையெழுத்துதான், கொஞ்சம் கோழி கிறுக்கல்: ‘இந்த மெஷினில் நானோ வேலை செய்யாது. போர்டு சாகவில்லை. பக்கத்து மெஷினுக்குப் போகவும்.’